அயர்லாந்து வரலாற்றில் டிசம்பர் 6 ஏன் முக்கியமான நாள்?

ஒரே தேதி, இரண்டு வருடங்கள். அதில் 1921-தான் சுவாரஸ்யம்.

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த இரண்டரை ஆண்டு கொரில்லாப் போருக்குப் பிறகு ஆர்தர் கிரிஃபித், மைக்கேல் காலின்ஸ் உள்ளிட்ட ஐவர் கொண்ட ஐரிஷ் குழு லண்டனில் பேச்சுவார்த்தை நடத்தியது. ஐரிஷ் தரப்பின் தலைவர் டி வலேரா டப்ளினிலேயே இருந்துவிட்டார் (இதை இன்றும் பலர் மன்னிக்கவில்லை). கையெழுத்துப் போடாவிட்டால் மூன்று நாளில் போர் என்று பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் மிரட்டினார். டிசம்பர் 6 அதிகாலை இரண்டு மணிக்கு மேல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

கிடைத்தது குடியரசு இல்லை, கனடா போன்ற டொமினியன் அந்தஸ்து, அதாவது பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே தன்னாட்சி. எம்.பி.க்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி வேறு எடுக்க வேண்டும். என் பார்வையில், ஒப்பந்தத்தை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் என்று அப்போது பிளவை உண்டாக்கியது, வடக்கு அயர்லாந்து தனியாகப் பிரிந்த எல்லைப் பிரச்சினையைவிட இந்த உறுதிமொழிதான். 1922 ஜனவரியில் ஐரிஷ் நாடாளுமன்றம் 64-57 என்ற வாக்கில் ஒப்பந்தத்தை ஏற்றது. ஜூனில் இந்த இரு தரப்புக்கும் இடையே உள்நாட்டுப் போர் வெடித்தது. ஆகஸ்டில் கிரிஃபித் நோயால் இறந்தார். பத்தே நாளில் கார்க் பகுதியில் பதுங்கித் தாக்கியவர்கள் காலின்ஸைச் சுட்டுக் கொன்றார்கள்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 1922 டிசம்பர் 6 அன்று, ஐரிஷ் சுதந்திர அரசு சட்டப்படி பிறந்தது. அதைப் பார்க்க அந்த இருவரும் இல்லை. ஒப்பந்த ஆதரவுத் தலைவர் காஸ்கிரேவ் தலைமையில் அரசு அமைந்தது. அப்புறம், மறுநாளே வடக்கு அயர்லாந்து நாடாளுமன்றம் ஒப்பந்தம் தந்த உரிமையைப் பயன்படுத்தி, அந்த அரசிலிருந்து விலகிக்கொள்ள முடிவெடுத்தது.