நீச்சல் தெரியாமல் ராஃப்டிங் போகலாமா?

பாலக்காடு சித்தூரில் இருக்கிறோம், நீச்சல் தெரியாது, வழிகாட்டியோடு அரைநாள் ராஃப்டிங் (வேகமாக ஓடும் ஆற்றில் ரப்பர் படகுப் பயணம்) போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். வட கேரளத்தில், கண்ணூர் மாவட்டத்துப் பையனூர் வரை ரயில். அங்கிருந்து கிழக்கே செறுபுழா பக்கம், மழைக்காலத்தில் தேஜஸ்வினி ஆற்றில் படகு விடுகிறார்கள்.

லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டுங்கள். தோள்பட்டையில் பிடித்துத் தூக்கினால் தாடைக்கு மேல் ஏறக்கூடாது. தண்ணீரில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்கவே நிற்காதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால் ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். இடுப்பளவுத் தண்ணீரிலும் உயிர் போகும். மல்லாந்து, ஆறு ஓடும் பக்கம் கால் நீட்டி, கால்விரல்கள் வெளியே தெரியும்படி மிதந்து போங்கள். கயிறு வீசுவார்கள், அதைக் கையில் சுற்றாமல் பிடியுங்கள்.

அப்புறம், முந்தின நாள் மலையில் பெருமழை என்றால் முன்பணம் போனாலும் சரி, தள்ளிவையுங்கள்.