சினிமாவுக்குப் போகாதவர்களின் வீடியோ கிளப்

அன்புள்ள ஐயா,

கோவில்பட்டியில் நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து போன வருடம் ஒரு வீடியோ கிளப் ஆரம்பித்தோம். நான் அச்சகத்தில் வேலை செய்கிறேன். கல்லூரி மாணவர்கள், கல்யாண வீடியோ எடுப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்று கலவையான கூட்டம். இரண்டு குறும்படங்கள் எடுத்தோம். அதைக் காட்டி வாய்ப்புத் தேட மூன்று பேர் சென்னைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர், "நாம சினிமாவுக்குப் போகப்போறதில்ல, அப்புறம் எதுக்கு இது?" என்கிறார்கள். போனில் எடுத்து யூடியூபில் போட ஒரு ஆள் போதுமே, கிளப் எதற்கு என்றும் கேட்கிறார்கள். இப்படிப்பட்ட குழுக்கள் எங்காவது நிலைத்திருக்கின்றனவா? அங்கே என்ன செய்வார்கள்? மாதச் சந்தா வாங்கலாமா?

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

நிலைத்திருக்கின்றன. 1923இல் கோடாக் 16 மி.மீ. ஃபிலிமைக் கொண்டுவந்ததும், வசதியுள்ள வீடுகளிலாவது படம் எடுப்பது நடக்கிற காரியமானது. 1926இல் ஹைரம் பெர்சி மாக்ஸிம் அமெரிக்காவில் அமெச்சூர்களுக்காக, அதாவது தொழிலாக இல்லாமல் ஆசைக்காகப் படம் எடுப்பவர்களுக்காக, அமெச்சூர் சினி லீகைத் தொடங்கினார். 1914இலேயே அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்குச் சங்கம் கண்டவர் அவர். லீகின் பத்திரிகை 1930 முதல் ஆண்டுதோறும் பத்துச் சிறந்த படங்களைத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனில் அமெச்சூர்களுக்கான தேசியக் கழகம் 1932இல் வந்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் கம்பளி ஆலைகளின் ஊர். அதே 1932இல் அங்கே தொடங்கிய ஒரு சினி கிளப், ஃபிலிம் போய் வீடியோ வந்து, வீடியோ நாடா போய் டிஜிட்டல் வந்த பிறகும் கூடிக்கொண்டிருந்தது. 2022இல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படமே வெளிவந்தது.

இந்தக் கிளப்களிலிருந்தும் சிலர் மேலே போனதுண்டு. கிளாஸ்கோவில் ஓவியக் கல்லூரி மாணவராக இருந்த நார்மன் மெக்லாரன் 1930களில் ஸ்காட்லாந்து அமெச்சூர் திரைவிழாவுக்குப் படம் அனுப்பினார். நடுவராக வந்த ஆவணப்படக்காரர் ஜான் கிரியர்சன் அவரை லண்டனுக்கு வேலைக்கு அழைத்துக்கொண்டார். பின்னாளில் கனடாவில் மெக்லாரன் எடுத்த படம் ஆஸ்கர் வாங்கியது. ஆனால் அந்த விழாவுக்குப் படம் அனுப்பிய மற்றவர்கள் அடுத்த வருடமும் அனுப்பினார்கள். படம் எடுப்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நம்மிடம் இது குறைவு. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' என்ற குறும்படப் போட்டி வந்து, அதிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் சினிமாவுக்குப் போனார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதோடு குறும்படம் என்றாலே தயாரிப்பாளருக்கு நீட்டும் விசிட்டிங் கார்டு என்று ஆகிவிட்டது. கார்டை யாரிடமும் நீட்டப்போவதில்லை என்று தெரிந்ததும் உங்கள் நண்பர்கள் சோர்ந்துபோவது அதனால்தான். சென்னைக்குப் போன மூவரையும் மனதார வாழ்த்துங்கள். கிளப்பை அவர்களை வைத்து அளக்காதீர்கள்.

சரி, ஒரு ஆள் போதாதா? எடுக்கப் போதும். பார்க்கப் போதாது. கிளப்பின் முக்கியமான வேலை படம் எடுப்பதல்ல, எடுத்ததை ஒரே அறையில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். யூடியூப் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும், எந்த ஷாட்டில் பாதியிலேயே விட்டுப் போனார்கள் என்றுகூடச் சொல்லும். ஏன் போனார்கள் என்று சொல்லாது. அறையில் அது தெரியும். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் நாற்காலியை நகர்த்துவார், இன்னொருவர் போனை எடுப்பார். எடுத்தவருக்கு அங்கேயே புரிந்துவிடும். திரையிட்டதும் எடுத்தவர் விளக்கம் சொல்லக் கூடாது, மற்றவர்கள் பேசி முடித்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். "நான் என்ன நினைச்சேன்னா" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே செத்துவிடும்.

இன்னொரு நன்மை தேதி. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு திரையிடல் என்று இருந்தால்தான் ஹார்டு டிஸ்கில் கிடக்கும் ஃபுட்டேஜ் படமாகும்.

பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. லண்டனில் 1999 முதல் 'ஸ்ட்ரெய்ட் 8' என்று ஒரு போட்டி நடக்கிறது. ஒரே ஒரு சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ் (8 மி.மீ. ஃபிலிம் அடைத்த சிறு பெட்டி), சுமார் மூன்றரை நிமிடம். முதல் ஷாட்டிலிருந்து கடைசி ஷாட் வரை வரிசையாக எடுக்க வேண்டும், எடிட்டிங் கிடையாது. ஒலியைத் தனியாகச் செய்து அனுப்ப வேண்டும். தேர்வாகும் படத்தை எடுத்தவரே முதன்முதலாகப் பார்ப்பது திரையிடலில்தான். இதைப் போனிலேயே செய்யலாம்: மூன்று நிமிடம், ஒரு ஷாட்டுக்கு ஒரே டேக், அழிக்கக் கூடாது. பட்டனை அழுத்துவதற்கு முன் யோசிக்கும் பழக்கம் இதில் வருகிற மாதிரி வேறெதிலும் வராது. ஒருவர் எடுத்த ஃபுட்டேஜை எல்லோருக்கும் கொடுத்து ஆளுக்கொரு விதமாக எடிட் செய்யச் சொல்வதும் நல்ல பயிற்சி. உங்கள் கல்யாண வீடியோக்காரரை அப்போது பாருங்கள். மணிக்கணக்கான ஃபுட்டேஜை வெட்டிப் பழகியவர், மாணவர்கள் அவரிடம்தான் கற்க வேண்டும்.

எதை எடுப்பது? தயவுசெய்து காதல் தோல்வியும் துப்பாக்கியும் வேண்டாம். அதைச் சினிமா உங்களைவிட நன்றாகச் செய்யும். தீப்பெட்டி வேலையில் கை எப்படி ஓடுகிறது, கடலைமிட்டாய்ப் பாகு எந்தப் பதத்தில் இறங்குகிறது என்பதைச் சென்னையிலிருந்து ஒருவர் வந்து எடுத்தால் ஒரு நாள்தான் எடுப்பார். நீங்கள் வருடம் முழுக்க எடுக்கலாம், அந்த ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமையோடு. மேலே சொன்ன பிரிட்டிஷ் அமெச்சூர் கழகத்தின் படத்தொகுப்பை இன்று நார்விச்சில் உள்ள கிழக்கு ஆங்கிலியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பாதுகாக்கிறது. அமெச்சூர் படங்களுக்கு அங்கே அந்த மதிப்பு இருக்கிறது. ஆகவே எடுக்கும் எல்லாவற்றிலும் தேதி, இடம், ஆட்களின் பெயர் எழுதி, இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். இதை உங்கள் ஆசிரியரிடம் ஒப்படையுங்கள், பொறுப்பாகச் செய்வார்.

சந்தா வாங்குங்கள், மாணவர்களிடம் பாதி. முதலில் சேரும் பணத்தில் கேமரா வாங்காதீர்கள், போன் போதும். ஒரு நல்ல மைக் வாங்குங்கள். ப்ரொஜெக்டரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.