ஆமணக்கு இலையடியில் பழுப்புப் பஞ்சா? அது பூசணம் இல்லை

கடலைக்காட்டு ஓர ஆமணக்கில், இலைக்கு அடியில் பழுப்புப் பஞ்சுத் திட்டு, பூசண மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடிக்காதீர்கள், வீண் செலவு. அது புரொடீனியா (இலை தின்னும் புகையிலை வெட்டுப்புழு) அந்துப்பூச்சியின் முட்டைக் குவியல். பஞ்சுபோல் தெரிவது தாய்ப்பூச்சி தன் வயிற்று நுனியிலிருந்து உதிர்த்து மூடிய செதில்மயிர். ஈர்க்குச்சியால் மெல்ல விலக்கி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலான, லேசாகத் தட்டையான உருண்டைகள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும்; ஓட்டில் மெல்லிய வரிகள் ஓடும். ஒரு குவியலில் 200, 300 கூட இருக்கும். பூசணமென்றால் இழைதான் தெரியும்.

முட்டை கறுத்திருந்தால் பெரும்பாலும் பொரிக்கும் தறுவாய். இட்டு 3-5 நாளில் பொரித்துவிடும். இன்றே இலையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் அமுக்குங்கள். வரப்பில் வீசினால் அங்கேயே பொரித்துக் கடலைக்கு ஏறும். பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அழிக்கும் சிறு குளவிக்கான டிரைக்கோகிரம்மா அட்டையை இதற்கு நம்ப வேண்டாம், செதில் போர்வை அந்தக் குளவியைத் தடுக்கும். தனித்தனியாக இடும் பச்சைக் காய்ப்புழு முட்டைக்குத்தான் அது சரி.