தீசிஸ் கொடுத்தாச்சு, அடுத்து என்ன? – கேள்வி பதில்

ஆராய்ச்சி முடித்தவர்கள், முடிக்கப்போகிறவர்கள், எம்.ஏ. கடைசி வருடத்தில் விழிபிதுங்கி நிற்கிறவர்கள் எல்லாரும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். சினிமா பற்றியும் கேட்கலாம் என்று சேர்த்தது என் தப்பு. பாதிக் கேள்வி அதுதான். என்னைப் பற்றிச் சுருக்கமாக: கடலூர் மஞ்சக்குப்பம். தமிழில் பிஎச்டி. 2024 ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுத்தேன், 2025 ஏப்ரலில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அதற்கு முன்னால் நாலு வருடம் கௌரவ விரிவுரையாளர். இப்போது பழைய ஆவணங்களுக்கு அட்டவணை போடும் ஒப்பந்த வேலை. அதுவும் மார்ச்சில் முடிகிறது. ஆகவே உயரத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அக்கா, தீசிஸ் கொடுத்து நாலு மாதம் ஆகிவிட்டது. ஒரு தகவலும் இல்லை. பகலெல்லாம் படம் பார்க்கிறேன், ராத்திரி உறுத்துகிறது. என்ன செய்வது? (லாஸ்பேட்டை)

முதலில் தகவல் ஏன் வரவில்லை என்று பார்ப்போம். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்டி விதிமுறைப்படி, ஆய்வேட்டைக் கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மதிப்பீடு முழுவதும் முடிகிற மாதிரி நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும். எனக்கு எட்டு மாதம் ஆனது. வெளியிலிருந்து குறைந்தது 2 தேர்வாளர்கள் படிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் ‘எனக்கு நேரமில்லை’ என்று சொல்லவே ஒரு மாதம் எடுத்துக்கொள்வார். அப்புறம் பட்டியலில் அடுத்த பெயர், மறுபடி கடிதம், மறுபடி காத்திருப்பு. உங்கள் ஆய்வு மோசம் என்பதால் யாரும் தாமதிப்பதில்லை தங்கச்சி. பெரும்பாலும் அது ஒருவர் மேசையில் தூங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை, கைடிடம் (ஆய்வு நெறியாளரிடம்) சொல்லிவிட்டு, அலுவலகத்தில் கேளுங்கள். ‘என்னாச்சு’ என்று கேட்டால் ‘ப்ராசஸ்ல இருக்கு’ என்றுதான் வரும். ‘ரெண்டு பேரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார்களா? ஒரு அறிக்கையாவது வந்ததா?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

இனி படம். ஆறு வருடம் எந்தப் படம் பார்த்தாலும் பக்கத்தில் லேப்டாப் திறந்திருந்தது அல்லவா? அந்த உறுத்தல் அப்போது ஒட்டியது. வேலை முடிந்தும் அது போகாது. நான் ஆய்வேட்டைக் கொடுத்த அடுத்த மாதம் ‘மெய்யழகன்’ வந்தது. ஒரு ராத்திரி முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் படம். படம் வெளியான பிறகு, நீளம் என்று சொல்லி 18 நிமிடத்தை வெட்டினார்கள். எனக்குப் பயங்கரக் கோபம். அப்புறம்தான் நினைவுக்கு வந்தது: என் நாலாவது இயலில் அறுபது பக்கம் வெட்டச் சொன்ன கைடிடம் மூன்று வாரம் பேசாமல் இருந்தேன், வெட்டிய பிறகு அந்த இயல்தான் தேறியது. ஆனால் மெய்யழகன் விஷயத்தில் நான் இன்னும் வெட்டாத கட்சிதான்.

பாருங்கள், நன்றாகப் பாருங்கள். ஆனால் போனில் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள். அரங்குக்குப் போய், முடிகிறவரை உட்கார்ந்து பாருங்கள். மொபைலில் ஐந்து படத்தைப் பாதிப்பாதி பார்த்தால் ராத்திரி உறுத்தத்தான் செய்யும், அது ஆராய்ச்சியால் வரும் உறுத்தலே இல்லை.

தேவனாம்பட்டினம் கல்லூரியில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதுவதா, வேலை தேடுவதா? பிஎச்டி இல்லாமல் உதவிப் பேராசிரியர் ஆக முடியாது என்கிறார்களே? (கடலூர்)

அது பழைய கதை. பிஎச்டி கட்டாயம் என்று ஒரு விதி வருவதாக இருந்தது உண்மை. 2023 ஜூலையில் யுஜிசி அதை மாற்றிவிட்டது. நெட், இல்லை மாநில அளவில் நடக்கும் செட், ஸ்லெட் இவற்றில் ஒன்று தேறியிருந்தால் குறைந்தபட்சத் தகுதி உண்டு, பிஎச்டி விருப்பம். ஆனால் நேர்முகத்தில் பிஎச்டிக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே நெட் எழுதலாம். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. வருடத்தில் இரண்டு முறை, ஜூன், டிசம்பர். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை, ஜேஆர்எஃப்புக்கு (நெட்டில் கூடுதல் மதிப்பெண் எடுத்தவர்களுக்குக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகை) 30, பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கும் 5 வருடத் தளர்வு.

ஏன் ஜேஆர்எஃப் என்று இத்தனை பேர் கத்துகிறார்கள் என்றால், பணம் தம்பி, பணம். முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் கிடைக்கும் உதவித்தொகை 8,000. காலாப்பட்டில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவர் வீட்டுக்குப் பணம் அனுப்புவார், இன்னொருவர் வீட்டிலிருந்து வாங்குவார். 8,000 ரூபாயில் ஆறு வருடம் இருக்க முடியுமா என்று முதலில் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தலைப்பு, கைடு எல்லாம் அப்புறம். நான் இந்தக் கணக்கைப் போடாமல் சேர்ந்தவள்.

அம்மா, என் மகள் பிஎச்டி முடித்து ஒரு வருடம் ஆகிறது. வேலைக்கு எழுதிப் போடுகிறாள், சினிமா பார்க்கிறாள், சில்வர் பீச்சுக்குப் போய் வருகிறாள். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது? (நெல்லிக்குப்பம், ஒரு தகப்பன்)

ஐயா, ‘டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறாள்’ என்று சொல்லுங்கள். உண்மைதானே. ‘எந்த ஆஸ்பத்திரி’ என்று ஒருவர் கேட்பார், என்னையும் கேட்டார்கள். விடுங்கள்.

நீங்கள் எழுதியதில் ‘வேலைக்கு எழுதிப் போடுகிறாள்’ என்பது முதலில் இருக்கிறது, சினிமா அடுத்துத்தான். நீங்களே சரியாகத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். கல்லூரி வேலைக்கான அறிவிப்பு நாம் நினைக்கும்போது வருவதில்லை. சில வருடம் வராமலே போகும். அந்த இடைவெளியில் பிள்ளை சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறாள் என்றால் அவள் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வராமலே இருந்தார். அதற்குத்தான் பயப்பட வேண்டும். உங்கள் மகள் அப்படி ஆனால், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், கூச்சம் வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அவளோடு உட்கார்ந்து ஒரு படம் பாருங்களேன். ‘3 பிஎச்கே’ என்று ஒன்று 2025-இல் வந்தது. சொந்த வீடு வாங்க ஒரு குடும்பம் வருடக்கணக்கில் படும் பாடு. சரத்குமார் அப்பா, சித்தார்த் மகன். பிள்ளை மேல் நம்பிக்கை வைப்பது எங்கே முடிந்து எங்கே பாரமாகிறது என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பேரும் பார்த்து முடித்த பிறகு பேச ஏதாவது இருக்கும்.

தமிழில் எழுதிய ஆய்வேட்டுக்கு எழுத்துக் களவு பார்க்கும் மென்பொருள் 2 சதவீதம் என்று காட்டியது. சந்தோஷப்பட்டேன். கைடு சந்தேகப்படுகிறார். (பாகூர்)

கைடு சரி. நீங்கள் டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். பாமினியில் அடித்தது நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை. குப்பையோடு எதை ஒப்பிடும்? அதனால்தான் 2. முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு அப்படியே கொடுத்துவிடாதீர்கள். கொம்புகளும் வடமொழி எழுத்துகளும் இடம் மாறி நிற்கும், அடிக்குறிப்பு எண்கள் காணாமல் போகும். வரி வரியாகப் பார்க்கக் குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

அப்புறம் சதவீதத்தைப் பார்த்துப் பயம் வேண்டாம். யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. மேற்கோள் குறியிட்டுச் சான்று கொடுத்த பகுதி இந்தக் கணக்கிலேயே வராது. சங்கப் பாடலை மேற்கோள் காட்டாமல் தமிழில் யார் ஆராய்ச்சி செய்வது?

‘டிராகன்’ பார்த்தேன். பட்டம் எல்லாம் வேஸ்ட் என்றுதானே சொல்கிறது? (அரியாங்குப்பம்)

இடைவேளையோடு எழுந்து வந்துவிட்டீர்களா? 48 அரியர் வைத்தவன் போலிச் சான்றிதழில் வேலை வாங்குகிறான், மாட்டிக்கொள்கிறான், அதே கல்லூரிக்குத் திரும்பிப்போய் மூன்று மாதத்தில் எழுத வேண்டி வருகிறது. படம் நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர்ப்பக்கம் போகிறது. எனக்கு அதில் பிடித்தது, அவன் ஜெயிப்பதைவிட அவனுக்கு இன்னொருவனின் இடம் போனது உறைக்கும் இடம். பிரதீப் ரங்கநாதன் நடிப்பை எங்கள் வீட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

உயிர்வேதியியலில் பிஎச்டி. போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு) போவதா, பள்ளி ஆசிரியர் வேலைக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு) எழுதுவதா? (சிதம்பரம்)

டிஆர்பி முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் பி.எட். வேண்டும். இருக்கிறதா? இல்லை என்றால் இன்னும் இரண்டு வருடம், அதை மனதில் வைத்து முடிவெடுங்கள். உங்கள் பாடத்துக்கு இடம் இருக்கிறதா என்று பழைய அறிவிக்கைகளை எடுத்துப் பாருங்கள், வேதியியலையும் உயிர்வேதியியலையும் எல்லா இடத்திலும் ஒன்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு உச்ச வயது 35, ஆய்வேட்டைக் கொடுத்தவர்களும் விண்ணப்பிக்கலாம். வயது ஓடும் பக்கம் முதலில் போங்கள். அறிவியல் துறையை எனக்கு வெளியிலிருந்துதான் தெரியும், உங்கள் ஆய்வகத்து அண்ணன்மார்களைக் கேளுங்கள்.

சான்றிதழ்களை எப்படிப் பத்திரப்படுத்துவது? சின்னக் கேள்விதான், மன்னிக்கவும். (குண்டுசாலை, கடலூர்)

சின்னக் கேள்வி இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியதே, ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் நான் வைவாவுக்குக் காத்திருந்தேன். மழை விட்டது என்று மூச்சு விட்டால், சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தது. ஆற்றோரம் இருந்த என் சிநேகிதி வீட்டில் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் பத்தாவதிலிருந்து எம்.ஃபில். வரை எல்லாம் இருந்தது. பிறகு மொட்டை மாடியில் ஒவ்வொரு தாளையும் துணி உலர்த்துவதுபோல் காயப்போட்டோம். மை ஓடிய மதிப்பெண் பட்டியலுக்கு நகல் வாங்க அவள் அலைந்தது தனிக் கதை.

அதனால் சுருக்கமாக: கட்டிலுக்குக் கீழே வேண்டாம், பரண் மேல், பிளாஸ்டிக் உறையில். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒன்று, வெளியூரில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் ஒன்று. டிஜிலாக்கரில் கிடைப்பதை எடுத்து வையுங்கள். பிஎச்டி ப்ரொவிஷனல் (தற்காலிகச் சான்றிதழ்) வாங்கும்போது, எந்த யுஜிசி விதிமுறைப்படி பட்டம் தரப்படுகிறது என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பின்னால் வேலைக்குப் போகும்போது கேட்பார்கள்.

மூன்று படம் சொல்லுங்கள், காரணம் வேண்டாம். (வில்லியனூர்)

லப்பர் பந்து. வாழை. கொட்டுக்காளி. கடைசிப் படத்துக்கு மட்டும் காரணம் சொல்லியே தீருவேன்: பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல் சத்தம், மூச்சு. நூலகத்தில் ஆறு வருடம் உட்கார்ந்த காதுக்கு அது சுகம். பக்கத்து சீட்டுக்காரர் அரை மணி நேரத்தில் எழுந்து போனார், அதுவும் நியாயம்தான்.

வைவாவுக்குச் சாப்பாடு போட வேண்டுமா அக்கா? எல்லாரும் பிரியாணி என்கிறார்கள். கையில் காசு இல்லை. (பண்ருட்டி)

எந்த விதிமுறையிலும் சாப்பாடு கிடையாது. வாய்மொழித் தேர்வு எல்லாரும் வந்து கேட்கும்படி திறந்த அவையாக நடக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்த ‘எல்லாரும்’ பிரியாணியாக எப்போது மாறியது என்று ஒரு ஆய்வேடே எழுதலாம். சால்வை, சந்தனமாலை, தேர்வாளருக்குத் தங்க அறை, வண்டி, மதியம் ஐம்பது பேருக்கு இலை என்று கடன் வாங்கி நடத்தியவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் அந்தக் கடனைக் கட்டி முடிக்கும்போது அவருடைய தம்பியின் வைவாவே வந்துவிட்டது.

நான் கைடிடம் நேராகச் சொன்னேன்: ‘மேடம், டீயும் வடையும்தான் என்னால் முடியும்.’ சொல்வதற்கு முன்னால் இரண்டு நாள் தூங்கவில்லை. அவர் ‘வடை சூடா இருக்கணும்’ என்றார், அவ்வளவுதான். எல்லாக் கைடும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். முடியாது என்றால் துறையில் உங்களுக்கு முன்னால் முடித்த ஒரு சீனியரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பண்ருட்டி, சீசனாக இருந்தால் இரண்டு பலாப்பழத்தை எடுத்துக்கொண்டு போங்கள், தேர்வாளர் கேட்க வைத்திருந்த கேள்வியைக்கூட மறந்துவிடுவார். எண்ணெய் தடவிய கத்தியை மட்டும் நீங்களே எடுத்துப் போங்கள், துறையில் இருக்காது.