தாத்தாவின் பழைய காரை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முடியுமா?

கும்பகோணம் பக்கம் நெல் குடோனில் கிடக்கும் தாத்தாவின் 1968 மாடல் ஃபியட் 1100-ஐ எங்கே, எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்கலாம். ஆனால் வாங்கிக்கொள்வார்களா என்பதுதான் முதல் கேள்வி. தமிழ்நாட்டிலேயே கோயம்புத்தூரில் ஜீ.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் போட்டோ, எஞ்சின் எண், சேஸிஸ் எண், வண்டியின் கதை இவற்றை அனுப்பிக் கேளுங்கள். ஃபியட் அபூர்வமான வண்டி இல்லை. வண்டி முதல் சொந்தக்காரரின் குடும்பத்திலேயே இருப்பதும், பழைய ஆர்.சி. புத்தகமும், தாத்தா அதன் அருகில் நிற்கும் படமும்தான் எடை கூட்டும்.

காகிதத்தில்தான் பலர் சிக்குகிறார்கள். ஆர்.சி. தாத்தா பெயரிலேயே இருந்தால், தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 போட்டு முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அப்புறம் படிவம் 29, 30 மூலம் அருங்காட்சியகத்தின் பெயருக்கு. மற்ற வாரிசுகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்; சித்தப்பா பின்னால் வந்து கேட்டால் தலைவலி. நன்கொடையா, இரவலா என்பதும் பத்திரத்தில் தெளிவாக இருக்கட்டும்.

வரிச்சலுகை கிடைக்குமா? நன்கொடையைப் பொருளாகக் கொடுப்பதற்கு வருமான வரிக் கழிவு கிடையாது, பணத்துக்குத்தான்.

புதுப் பெயின்ட் அடித்து அனுப்பாதீர்கள், பழைய பெயின்ட்டுக்குத்தான் மதிப்பு. நெல் இருக்கும் இடத்தில் எலி ஒயரைக் கடித்திருக்கும், எனவே ஸ்டார்ட் செய்து பார்க்காமல் லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.