தானாகவே மேலே வருவார்களா? (கடிதம்)

வணக்கம் அம்மா,

வங்கி வேலை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் ஓர் அரசு வங்கியில் கிளார்க்தான். எங்கள் கிளையில் இப்போது பாதிக்கு மேல் பெண்கள். இன்னும் பதினைந்து வருடத்தில் இவர்களே மேலாளர், பொது மேலாளர் என்று ஆகிவிட மாட்டார்களா? இயக்குநர் குழுவில் ஒரு பெண் கட்டாயம் என்ற சட்டமெல்லாம் தேவைதானா?

கா., ஈரோடு

அன்புள்ள கா.,

இந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது. ஸ்டேட் வங்கியின் வேர் 1806இல் தொடங்கிய கல்கத்தா வங்கி. ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவராக அருந்ததி பட்டாச்சார்யா வந்தது 2013இல். அந்தச் சமயத்தில் மற்ற வங்கிகளிலும் தலைமையில் பெண்கள்: ஐசிஐசிஐயில் சந்தா கோச்சர், ஆக்சிஸில் ஷிகா சர்மா, பாங்க் ஆஃப் இந்தியாவில் விஜயலட்சுமி ஐயர். இனி இப்படித்தான் என்று பேசிக்கொண்டோம். 2017இல் பட்டாச்சார்யா ஓய்வு பெற்றார். அடுத்து ரஜ்னீஷ் குமார், தினேஷ் காரா, செட்டி என்று வரிசையாக ஆண்கள்தான்.

சட்டம் தேவைதான். 2013 கம்பெனிச் சட்டம் வந்ததும் பல முதலாளிகள் மனைவியையோ மகளையோ உட்காரவைத்துக் கணக்கை முடித்தார்கள். அதனால்தான் பெரிய நிறுவனங்களில் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத பெண் இயக்குநர் வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி பிற்பாடு கேட்டது. ஆனால் உங்கள் கிளைப் பெண்களுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

அவர்கள் நின்றுபோகும் இடம் வேறு. கிளார்க்கிலிருந்து ஸ்கேல் ஒன் ஆபீசர், அதாவது அதிகாரிகளில் முதல் படி, ஆகும்போது புரமோஷனோடு டிரான்ஸ்ஃபரும் வரும். வெளி மாநிலமாகக்கூட இருக்கலாம். பிள்ளை பத்தாம் வகுப்பு, மாமியாருக்கு உடம்பு சரியில்லை. "புரமோஷன் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், பலர் தேர்வுக்கே விண்ணப்பிப்பதில்லை. கணவனும் வங்கியில் இருந்தால் யார் எழுதிக் கொடுப்பது என்று வீட்டில் விவாதமே நடக்காது. அங்கே விடுபட்ட பெண் பிற்பாடு பொது மேலாளர் பட்டியலில் எப்படி வருவாள்?

பிள்ளை வளர்ப்புக்கும் பெரியவர்களைக் கவனிக்கவும் இரண்டு வருடம் வரை விடுப்பு எடுக்கலாம் என்று பட்டாச்சார்யா கொண்டுவந்தார். கணவர் இருக்கும் ஊருக்கு மாற்றல் கேட்டால் முடிந்தவரை கொடுங்கள் என்று 2014இல் நிதியமைச்சகமும் அரசு வங்கிகளுக்குச் சொன்னது. நல்லதுதான். ஆனால் கேட்டுப் பெறும் சலுகைக்கு மேலதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்புறம், "இந்தம்மா எங்கேயும் போகமாட்டார்" என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

என்னைக் கேட்டால், முதல் புரமோஷனில் ஆண், பெண் எல்லோருக்கும் சொந்த மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ மூன்று வருடம் வேலை என்று விதியே போட்டுவிடலாம்.