செவ்வாயில் இறங்க பாராசூட் மட்டும் ஏன் போதாது?

பூமியில் காற்று தாராளம், பாராசூட்டை நம்பலாம். நிலவில் காற்றே இல்லை, எஞ்சின்தான் கதி. செவ்வாய் இரண்டுங்கெட்டான். அங்குள்ள காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட வராது. கலத்தைச் சுட்டுப் பொசுக்க அது போதும், நிறுத்தத்தான் போதாது.

2021-இல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் (செவ்வாயில் ஊர்ந்து ஆராயும் வண்டி) அங்குள்ள காற்றுக்குள் மணிக்குச் சுமார் 19,500 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தது. பெரும்பகுதி வேகத்தை வெப்பக் கவசமே தின்றுவிட்டது. அப்புறம் 21.5 மீட்டர் அகல பாராசூட். அதற்கும் பிறகு மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம்! பாராசூட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சின்களால் வேகம் குறைத்து, கிணற்றில் வாளி இறக்குவதுபோல ரோவரைக் கயிற்றில் இறக்கினார்கள்.

என்னைக் கேட்டால் மென்பொருள்தான் இதைவிடப் பயங்கரம். இறங்க 7 நிமிடம்; அன்று சிக்னல் பூமிக்கு வரவே 11 நிமிடம். யாரும் குறுக்கிட முடியாது. 2016-இல் ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி என்ற செவ்வாய்க் கலம், பாராசூட் விரிந்ததும் எதிர்பாராத வேகத்தில் சுழன்று ஆடியது. சுழற்சியை அளக்கும் கருவி உச்ச அளவிலேயே சிக்கிக்கொண்டது. அந்தத் தப்பான எண்ணை வைத்துக் கணக்குப் போட்ட கணினி, தான் ஏற்கெனவே தரைக்கும் கீழே இருப்பதாக முடிவுகட்டியது! பாராசூட்டைக் கழற்றியது, எஞ்சினை மூன்றே வினாடி இயக்கி அணைத்தது. உண்மையில் தரை இன்னும் 3.7 கிலோமீட்டர் கீழே இருந்தது.